ஊக்குவிக்கப்பட்ட குரல்

வில்லியனூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இயங்கும் ஊரகக் குறும்பட ஊக்குவிப்பு மையத்தில் கேமரா மட்டும் கிடையாது. மற்றவை எல்லாம் உண்டு. சிவப்பு வெல்வெட்டில் கிடத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்த கிளாப் பலகை உண்டு. ‘இயக்குநர்’ என்று முதுகில் எழுதிய துணி நாற்காலி உண்டு. அதில் மையத்தின் இயக்குநர் ராஜ்மோகன் உட்காருவார். சுவர் நிறைய, ஊக்குவிக்கப்பட்ட இளைஞர்களின் புகைப்படங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒருவர் பொன்னாடை போர்த்துகிறார், ஒருவர் போர்த்திக்கொள்கிறார். போர்த்திக்கொள்கிறவர் எல்லாப் படங்களிலும் ராஜ்மோகன்தான்.

இப்படியொரு மையம் இருப்பது கலைச்செல்வனுக்கு நெடுநாள் தெரியாது. அவன் திருபுவனையில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் ஆலையில் ஷிஃப்டு பார்ப்பவன். மதகடிப்பட்டில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் புதிய கேமரா வாங்கியபோது, அவருடைய பழைய டிஜிட்டல் கேமராவை இவன் வாங்கிக்கொண்டான். அதிலிருந்து வாரவிடுமுறைகள் அதற்கே சரியாகப் போயின. கரும்பு வெட்டுகிறவர்களின் பின்னால் நடந்துவரும் கொக்குகளைப் பற்றி ஒரு படம். பேருந்தின் கடைசிப் படியில் நின்றே காதலிக்கும் ஒருவனைப் பற்றி ஒரு படம். அவற்றை நடித்தவர்கள் பார்த்தார்கள். நடித்தவர்களின் அம்மாக்களும் பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் பார்க்காததால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

தொந்தரவு, ஒரு நல்ல படம் எடுக்க நினைத்தபோதுதான் வந்தது.

அவனுடைய அக்காள் ருக்குமணி பாகூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் ராமுவை அந்தப் பக்கத்தில் பலருக்கு முகம் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வது அவர் தொழில். நாளைக்கு மின்சாரம் இல்லை, துணிக்கடையில் தள்ளுபடி, தீமிதித் திருவிழா, காணாமல் போன கறவை மாடு, காலமான பெரியவர், எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குப் போகும். கறவை மாட்டுக்கு ஒரு குரல், காலமானவருக்கு ஒரு குரல் என்று வைத்திருந்தார். செத்தால் ராமு வாயால் சொல்லப்பட்டுச் சாகவேண்டும் என்று சொன்ன கிழவர்கள் உண்டு.

அந்த ராமுவின் குரல்வளையில் கட்டி. எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எடுத்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது. எந்த வாரம் வந்து படுக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார்கள்.

ருக்குமணி தம்பியைத் தேடி வந்தாள். காலைச் சாப்பாடு முடித்து ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனை வாசலிலேயே மடக்கினாள்.

“டேய் கலை, கொக்கெல்லாம் படம் புடிக்கறியே, உங்க மாமாவப் புடிடா.”

“புடிக்கறேன்க்கா. எதுக்கு அழுவுற?”

“உசுரு நின்னா போதும்னு டாக்டர் சொல்றாரு. எனக்கும் போதும்தான். ஆனா வூட்ல அந்தாளு கொரலு இல்லாம எப்புடிடா இருக்கறது? ஆட்டோ தெருமுனைல திரும்பறப்பவே உலை வச்சிடுவேன். இனிமே எத கேட்டு வைப்பேன்?”

அன்று மாலையே கலைச்செல்வன் கைபேசியுடன் போனான். கட்டிலில் உட்கார்ந்திருந்த ராமு அதைக் கையால் தள்ளிவிட்டார்.

“இன்னா மச்சான், மரண வாக்குமூலமா? கட்டில்ல ஒக்காந்து போனப் பாத்து பேசறதுக்கு நான் இன்னா கேசுல சாட்சியா? எடுக்கறதா இருந்தா படமா எடு. ஏரிக்கரைல வண்டிய நிறுத்து. கொழாய தண்ணிப் பக்கம் திருப்பு. ஊரு சேதியெல்லாம் சொன்னவன் ஒரு வாட்டி தன் சேதிய சொல்லிக்கறான். அதான் படம். முடிஞ்சிது.”

“உங்க சேதி இன்னா மாமா?”

“இப்பவே சொல்லிட்டா அப்ப இன்னாத்த சொல்றது? மைக்கப் புடிச்சா வரும், போ.”

கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் கலைச்செல்வனுக்கு ஆலையில் மூடிகளுக்கு நடுவே நிற்கும்போதெல்லாம் அந்தக் காட்சி கண்ணில் வந்தது. தண்ணீருக்கு நேரே திரும்பிய இரண்டு குழாய்கள். அவற்றின் வாயிலிருந்து வரப்போகும், யாருக்கும் தெரியாத ஒரு சேதி.

ராமு அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னது டாக்டர். ராமு அதைச் சேமிப்பு என்று எடுத்துக்கொண்டார். சோறு வேண்டுமென்றால் உள்ளங்கையைக் காட்டுவார். போதுமென்றால் தட்டை மூடுவார். கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

“கல்யாணம் ஆன நாள்லேந்து இந்தாளு வாய மூட மாட்டாரான்னு வேண்டிகினேன். சாமிக்கு இப்பத்தான் காது கேட்டுது பாரு” என்று ருக்குமணி சிரித்தாள். சிரித்து முடிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த விடுமுறையில் பாகூர் ஏரிக்கரையில் ஆட்டோ நின்றது. கலைச்செல்வன் ஸ்டாண்டை விரித்து ஊன்றிக் கேமராவை மாட்டினான். ராமு தலை வாரிக்கொண்டு மைக்கைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. ராஜ்மோகன் இறங்கி, ஸ்டாண்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இதுக்கு எத்தனை கால்?”

“மூணு சார்.”

“தரையில ஊனியிருக்கீங்க.”

“ஊனாம எப்புடி சார் நிக்கும்?”

“கையில புடிச்சி எடுத்தா அது பொழுதுபோக்கு தம்பி. கால் ஊனிட்டா அது படப்பிடிப்பு. படப்பிடிப்புன்னா அது எங்க எல்லை. நான் ஊரகக் குறும்பட ஊக்குவிப்பு மையம்.”

கலைச்செல்வன் அவசரமாக ஸ்டாண்டைத் தூக்கினான். “கையிலயே எடுத்துக்கறேன் சார்.”

“இனிமே முடியாது. ஊனினத நான் பாத்துட்டேன்.”

ராமு ஆட்டோவுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். சொல்ல வேண்டியது நிறைய இருந்திருக்கும். ஒரு சொல்லையும் செலவழிக்காமல் மைக்கைத் துணியில் சுற்றி வைத்தார்.

மறுநாள் கலைச்செல்வன் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வில்லியனூர் மாடிக்கு ஏறினான். படம் எடுக்க அனுமதி வேண்டும் என்றான். ராஜ்மோகனின் முகம் வாடியது.

“அனுமதியா? அந்த வேலையே நம்மகிட்ட கெடையாதுங்க. அதெல்லாம் பழைய காலத்து அதிகாரப் புத்தி. நாங்க ஊக்குவிக்கறவங்க.”

“அப்ப எடுக்கலாமா சார்?”

“ஊக்குவிச்சதுக்கு அப்பறம்.”

“ஊக்குவிக்காமயே எடுத்தா?”

ராஜ்மோகன் துணி நாற்காலியில் சாய்ந்து, வருத்தத்துடன் அவனைப் பார்த்தார். “ஊக்குவிக்காத படத்த எல்லாரும் எடுக்க ஆரம்பிச்சிட்டா, அப்பறம் இந்த மையம் எதுக்குத் தம்பி?”

 இந்தக் கேள்விக்கு மையத்திடமே பதில் இல்லை என்பது கலைச்செல்வனுக்கு அப்போது தோன்றவில்லை.

மையத்தில் கதை கேட்பதற்கென்று கல்பனா என்ற அலுவலர் இருந்தார். அவருக்குக் ‘கதை நலப் பிரிவு’ என்று பெயர். கலைச்செல்வன் கதையைச் சொன்னான். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்பதே கல்பனாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

“குரல் போகப்போற ஆளா? ரொம்ப சோகமா இருக்கே. கடைசியில போகாம வச்சிடுங்களேன்.”

“மேடம், அவருக்கு நெஜமாவே போவுது.”

“நெஜத்துல போகட்டும். படத்துல எதுக்குப் போகணும்?”

கலைச்செல்வன் தலையைச் சொறிந்தான்.

“இன்னொண்ணு. தண்ணியப் பாத்து எதுக்குப் பேசறாரு? ஜனங்க கேக்கலைன்னு அர்த்தம் வருது. ஜனங்க கேக்கலைன்னா நிர்வாகமும் கேக்கலைன்னு வரும். தண்ணிக்குப் பதிலா எதிர்ல பத்துப் பேர உட்கார வைங்க. சந்தோஷமா இருக்கட்டும். நடுவுல கை தட்டட்டும்.”

“என்ன சொல்றாருன்னே தெரியாதே மேடம். எங்க தட்டறது?”

“அதத்தான் நானும் கேக்கறேன். என்ன சொல்லப்போறார்னு தெரியாம ஒருத்தர் கையில மைக்கக் குடுக்கலாமா? எங்க மையத்துல இதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்ல.”

அடுத்ததாகப் பயிற்சி. ஊக்குவிப்புக்கு முன்னால் அடிப்படைப் பயிற்சி கட்டாயம் என்றார்கள். பயிற்சிக்கு வேறு ஆள் வராததால், கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் தொழிலாளர்கள் நாலைந்து பேரை டீ வாங்கித் தருவதாகச் சொல்லி மேலே அழைத்து உட்கார வைத்தார்கள். ராஜ்மோகன் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, குழல்விளக்கடியில் நின்று, இயற்கை ஒளியைப் பற்றி வகுப்பெடுத்தார். கரும்பலகையில் ஒரு கேமரா வரைந்திருந்தது. அதில் லென்ஸ் எது என்று குச்சியால் காட்டினார். கலைச்செல்வனின் மடியில் நிஜக் கேமரா இருப்பதைப் பார்த்ததும், அதை வாங்கி எல்லோரும் தொட்டுப் பார்க்கும்படி சுற்றுக்கு விட்டார். அது யூரியா வாசனையோடு திரும்பி வந்தது.

படியிறங்கும்போது ஒரு தொழிலாளி கேட்டார். “இன்னா தம்பி, இவரு எத்தினி படம் எடுத்துகீறாரு?”

“ஒண்ணும் எடுக்கலண்ணே.”

“அதான பாத்தேன். எங்க முதலாளியும் அப்புடித்தான். ஒரு மூட்டையும் தூக்க மாட்டாரு. எப்புடித் தூக்கணும்னு மட்டும் சொல்லுவாரு.”

இப்படியே நாள் போயிற்று. ஒருநாள் காலையில் ராமு கிணற்றடியில் குனிந்து, வாளிக்குள் முகத்தை வைத்து, “ஹலோ… மைக் டெஸ்ட்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ருக்குமணி அதைக் கேட்டுக் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். குரலின் ஓரம் கிழிந்திருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றே தம்பிக்குப் போன் செய்தாள்.

“எப்படா எடுக்கப்போற? வர வாரம் சேரச் சொல்லிட்டாங்கடா. அந்தக் கொரலு அதுவரைக்கும் நிக்காது போலகீது.”

கலைச்செல்வன் மறுபடி மாடிக்கு ஓடினான். கையெடுத்துக் கும்பிட்டான். கதையில் என்ன மாற்றச் சொன்னாலும் மாற்றுவதாக ஒப்புக்கொண்டான். ராஜ்மோகன் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

“மாத்தவே வேணாம் தம்பி. கலைஞனோட சுதந்திரத்துல நாங்க தலையிட மாட்டோம். தொடக்க விழா மட்டும் எங்க பொறுப்பு.”

“தொடக்க விழாவா சார்?”

“தொடங்கி வைக்காம எப்படித் தொடங்கும்?”

ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதற்கு முந்தின நாள்தான் விழாவுக்குக் கிடைத்தது. மையத்தின் கௌரவத் தலைவர் அரங்கநாதன் அன்றைக்குத்தான் ஒழிவாக இருந்தார்.

காலையில் கலைச்செல்வன் போனபோது ஏரியைக் காணவில்லை. இருந்த இடத்தில் ஒரு பேனர் நின்றது. அதில் அரங்கநாதனும் ராஜ்மோகனும் பனைமர உயரத்துக்குக் கைகூப்பினார்கள். மூலையில் தபால்தலை அளவில் ஒரு கேமரா. பின்னணியிலும் ஓர் ஏரி அச்சாகியிருந்தது; ஏதோ குளிர்தேசத்து ஏரி, கரையில் பனிமலை. பாகூர் ஏரி அதற்குப் பின்னால் இருந்தது. காற்று வந்து பேனர் உப்பும்போதெல்லாம் பனிமலைக்கு அடியில் கொஞ்சம் நம் ஊர்த் தண்ணீர் தெரிந்தது.

பந்தலில், மேடைமேல் குத்துவிளக்கு இருந்தது. ஏரிக்காற்று அதை எரிய விடவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து கிளாப் பலகை வந்து, தனி நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தது. மைக் செட்டு மட்டும் வரவில்லை.

ராஜ்மோகன் சுற்றிலும் பார்த்தார். ஆட்டோ கண்ணில் பட்டது.

“அந்த வண்டி என்ன?”

“படத்துக்கு வந்தது சார். அவருதான் நடிக்கப்போறவரு, எங்க மாமா.”

“அறிவிப்பாளர்தானே? ரொம்ப நல்லதாப் போச்சு. தலைவர் வந்துகிட்டு இருக்கார்னு ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்லுங்க.”

ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ருக்குமணி முன்னால் வந்தாள். “வாணாங்க சார். இத்தினி நாளா கொரல சேத்து வச்சிகினு இருக்காரு. இன்னிக்கி படத்துல பேசறதுக்கு.”

“சேத்து வச்சது எதுக்கும்மா? இந்த மாதிரி நல்ல காரியத்துக்குத்தானே?” என்றார் ராஜ்மோகன். அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். “இவரு சொல்லலைன்னா விழா இல்ல. விழா இல்லைன்னா படம் எப்படி ஆரம்பிக்கும்?”

ராமு மச்சானைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு வார்த்தை. பிறகு மைக்கை எடுத்தார்.

“அன்பார்ந்த பொதுமக்களே…”

அந்தக் குரல் எழுந்ததும் மதகில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். எதிர்க்கரையில் டிராக்டர் ஓட்டியவர் எஞ்சினை நிறுத்தினார். நோயாளிக் குரலாக இல்லை அது. வெகுநாள் பூட்டிய வீட்டிலிருந்து எடுத்துத் துடைத்த வெண்கலப் பாத்திரம் மாதிரி இருந்தது. கலைச்செல்வனின் கை தானாகக் கேமராவுக்குப் போயிற்று.

“ஆமா, எடுங்க, எடுங்க” என்றார் கல்பனா. “விழாவ நீங்கதான் எடுக்கணும். நம்மகிட்ட கேமரா கெடையாதே.”

ராமுவின் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடக்கப்போகிறது என்று சொன்னது நடக்கும்வரை மைக்கைக் கீழே வைக்கக் கூடாது. பாதியில் நிறுத்தினால் சேதி ரத்தாகிவிட்டது என்று ஜனங்கள் கலைந்துவிடுவார்கள். தீமிதி தாமதமானாலும், பிணம் எடுக்கத் தாமதமானாலும் அவர் அப்படித்தான் நின்று பேசியிருக்கிறார். ஊரில் அவர் பெயர் நிலைத்தது அதனால்தான். தலைவர் இதோ வருகிறார் என்று சொன்ன பிறகு, தலைவர் வரும்வரை அவரால் நிறுத்த முடியாமல் போயிற்று.

தலைவர் வரவில்லை. வில்லியனூர் ரயில்வே கேட்டில் நிற்பதாகப் போன் வந்தது. பிறகு வழியில் ஒரு பேக்கரியைத் திறந்துவைப்பதாக வந்தது. பிறகு திறந்த பேக்கரியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக வந்தது. ராஜ்மோகன் ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்கு ஓடினார்.

“‘கலைக்காவலர்’னு போடாம விட்டுட்டீங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க.”

ராமு முதலிலிருந்து சொன்னார்.

“என் பேரையும் நடுவுல நடுவுல சேத்துக்குங்க. எனக்காக இல்ல, மையத்துக்காக.”

சேர்த்துக்கொண்டார். கலைக்காவலர் அரங்கநாதன் அவர்கள் வருகிறார்கள், வந்துகொண்டிருக்கிறார்கள், உயர்திரு ராஜ்மோகன் அவர்கள் எதிர்கொண்டு வரவேற்கக் காத்திருக்கிறார்கள். வெண்கலம் முதலில் கீறல் விட்டது. பிறகு தகரமாயிற்று. பிறகு ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலிருந்து கையால் இழுத்து எடுப்பதுபோல் கழுத்து நரம்பு புடைத்தது. ருக்குமணி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “போதும் வாங்க, போதும் வாங்க” என்று கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினார். பின்பு மைக்கை நகர்த்த மறந்துபோய்,

“ருக்கு… கொஞ்சம் தண்ணி” என்றார்.

அது இரண்டு குழாய்கள் வழியாகவும் ஏரிமேல் போயிற்று.

ருக்குமணி மேடைக்கு ஓடினாள். அங்கே மேசையில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன.

“அது மேடைக்கும்மா” என்று கல்பனா கையை நீட்டித் தடுத்தார். “எண்ணி வச்சிருக்கு.”

ருக்குமணி தெருக்குழாயைத் தேடிப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் தலைவர் வந்துவிட்டார்.

அரங்கநாதனுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. ராஜ்மோகனுக்குப் போர்த்தப்பட்டது. அரங்கநாதன் வெகுநேரம் பேசினார்.

“குரலற்றவர்களுக்குக் குரல் கொடுப்பதுதான் நமது மையத்தின் லட்சியம்! இன்று கிராமத்தில் ஒருவன் பேச வேண்டும் என்று நினைத்தால் பேச முடிகிறதா? முடிகிறது! யாரால்? நம்மால்! இங்கே ஒரு சகோதரர் அறிவிப்புச் செய்தாரே, என்ன அருமையான குரல்! காரில் வரும்போதே கேட்டேன். என் பெயரை இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்பதற்காகவே வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன்!”

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர் கிளாப் பலகையை அடித்தார். படம் தொடங்கியதாக அறிவித்துவிட்டு, பலகையை அதன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

“தொடங்கி வச்சாச்சு தம்பி. இனிமே உங்க படம், உங்க சுதந்திரம்” என்றார் ராஜ்மோகன், ஜீப்பில் ஏறிக்கொண்டே.

பேனர்காரர்கள் பேனரைச் சுருட்டினார்கள். வேறோர் ஊரில் வேறொரு விழாவுக்கு அதுவே வேண்டியிருந்தது. பனிமலை போனதும் ஏரி வந்தது. வெயில் சாய்ந்து, தண்ணீர் முழுக்க வெளிச்சமாக இருந்தது. இதைவிட நல்ல வெளிச்சம் கலைச்செல்வன் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ஸ்டாண்டின் மூன்று கால்களையும் சட்டப்படி ஊன்றினான்.

ராமு துண்டால் முகத்தைத் துடைத்து, தலை வாரிக்கொண்டார். குழாய்களைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார். சம்மணம் போட்டு உட்கார்ந்து மைக்கை வாயருகே கொண்டுபோனார். வாயைத் திறந்தார்.

குழாய்களிலிருந்து காற்று வந்தது. சைக்கிள் டியூபில் முள் குத்தினால் வருமே, அந்தச் சத்தம். இரண்டு குழாய்களும் அதைப் பெரிதாக்கிக் காட்டின. அவர் எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தார். உதடுகள் அசைந்தன. நீளமாக ஏதோ சொன்னார். ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் கையை ஆட்டி யாரையோ கூப்பிட்டார். காற்றுதான் வந்தது.

கேமராவின் திரையில் மெமரி கார்டு நிறைந்துவிட்டதாகச் சிவப்பெழுத்து மின்னிக்கொண்டிருந்தது. விழா அதை நிரப்பியிருந்தது. கலைச்செல்வன் அதைச் சொல்லவில்லை. குனிந்து, ஒரு கண்ணை மூடி, படம் எடுப்பவனைப் போலவே கடைசிவரை நின்றான்.

ராமு மைக்கை மடியில் வைத்தார். ‘எடுத்துட்டியா?’ என்று கையால் கேட்டார்.

“எடுத்துட்டேன் மாமா.”

அப்போது போன ஜீப் திரும்பி வந்து நின்றது, கல்பனா இறங்கி வந்தார். விழாப் பதிவு மையத்தின் உடைமை என்பதால் கார்டைக் கழற்றித் தரும்படி கேட்டார். அந்த விழாவைத் தன் கேமராவுக்குள் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கக் கலைச்செல்வனுக்கு மனமில்லை. கழற்றி நீட்டினான்.

ஆபரேஷன் நடந்தது. ராமு பிழைத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. அந்தச் சேதி என்ன என்று கேட்டுக் கலைச்செல்வன் தாளும் பேனாவும் கொடுத்துப் பார்த்தான். அவர் சிரித்துவிட்டு, அதில் சோடா வாங்கி வரும்படி எழுதிக் கொடுத்தார்.

ருக்குமணிதான் ஒருநாள் திடீரென்று கேட்டாள்.

“அந்தக் கார்டு எங்கடா?”

“மையத்துல குடுத்துட்டேன்க்கா. அவனுங்க விழாதான அதுல கீது.”

அவள் அவனையே பார்த்தாள். “அதுலதானடா அவரு பேசனாரு.”

 அன்றே மூவரும் பேருந்து பிடித்து வில்லியனூர் மாடிக்குப் போனார்கள். ராஜ்மோகன் அவர்களை அன்போடு உட்கார வைத்தார். பிரதி மட்டும் தர முடியாது என்றார்.

“அது ஆவணம். வெளிய போனா யாராவது வெட்டி ஒட்டிடுவாங்க.”

“அவரு கொரல மட்டுந்தான சார் கேக்கறோம்” என்றான் கலைச்செல்வன்.

“குரல் அவரோடதுதான் தம்பி, நான் இல்லைங்கல. ஆனா அவர் சொன்னது எங்க பேராச்சே.” சற்று யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். “இங்கயே உட்கார்ந்து பாக்கலாம். பொதுமக்கள் பாக்கறதுக்குத்தானே மையம்?”

ஜன்னல்களைச் சாத்தினார்கள். சுவரிலிருந்த பொன்னாடைப் படங்களைக் கழற்றிய இடத்தில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. ஏரிக்கரை வந்தது, பனிமலை வந்தது, பிறகு அந்தக் குரல் வந்தது. “அன்பார்ந்த பொதுமக்களே…” ருக்குமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராமு, வேறு யாரோ பேசுவதைக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்துக் கேட்டார். கலைக்காவலர் வந்துகொண்டிருந்தார். உயர்திரு ராஜ்மோகன் காத்திருந்தார். தன் பெயர் வரும்போதெல்லாம் ராஜ்மோகன் இருட்டில் லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கீறல் விழுந்து, தகரமாகி, நரம்பு புடைத்தது. பிறகு சத்தம் நின்றது. சுவரில் ராமுவின் உதடுகள் மட்டும் அசைந்தன. அடுத்த நொடி சத்தம் திரும்பி வந்து, தலைவர் வந்துவிட்டார்.

“இந்த எடத்துல ஒண்ணு சொல்லுவாரே” என்றாள் ருக்குமணி.

“அது நாங்கதான் எடுத்தோம்மா” என்றார் கல்பனா. “அது கேட்டா, விழாவுல குடிக்கத் தண்ணி ஏற்பாடு பண்ணலைன்னு ஆயிடும்.”

கலைச்செல்வன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். ருக்குமணி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“இன்னொரு வாட்டி போடுங்க சார்” என்றாள்.

ராஜ்மோகனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா கல்பனா? கேட்டு வாங்கிப் பாக்கறாங்க. இதுக்குத்தான் இத்தனை பாடு. போடுங்க, முதல்லேர்ந்து போடுங்க.”

ருக்குமணி நாற்காலியைச் சுவருக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏரிக்கரை வந்தது. குரல் வந்தது. பெயர்கள் எல்லாம் வந்தன. சத்தம் நின்று, உதடுகள் அசைந்தன.

“தோ, கொண்டாறேன்” என்று அவள் சத்தமாகச் சொன்னாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, பின்னால் திரும்பி, ராமுவின் கையில் கொடுத்தாள்.

ராஜ்மோகன் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

“உஷ்… பேசாதீங்கம்மா. படம் ஓடுது.”